மூன்றாவது நாற்காலி: மதுரை அவனியாபுரம் வீடொன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 56 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டது. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதமும் தொடையின் வெளிப்பக்கமும் மரத்துப்போயிருக்கின்றன. வலது காலில் நிணநீர் வீக்கம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் நடை திரும்பவில்லை. வாக்கரைப் பிடித்தபடி அரை நிமிடம் நிற்பார், திரும்பி ரெண்டு எட்டு வைப்பார், அவ்வளவுதான். மகனுக்குக் கீழமாரட் வீதியில் வெங்காயக் கமிஷன் கடை. விடியற்காலையில் போனால் மதியம்தான் திரும்புவார். பகலெல்லாம் கூட இருப்பவர் மருமகள், எடை 48 கிலோ. இந்த 48 பின்னால் தேவைப்படும்.

பிசியோதெரபிக்காக வீட்டுக்கு வரச் சொல்லி என்னை அழைத்தார்கள். அவர் பயன்படுத்திய சக்கர நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. வலது தொடையின் வெளிப்பக்கத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. கட்டில் விளிம்பு இடித்திருக்கும் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.  ஆனால் புண் நீளவாக்கில் கோடு போட்டதுபோல் இருந்தது. அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. நாற்காலியின் பக்கத்தகட்டு விளிம்பு சரியாக அந்தக் கோட்டில் அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் நாற்காலி

சர்ஜிக்கல் கடைகளில் எங்கும் கிடைக்கிற மடக்கு நாற்காலிதான். சீட் அகலம் 18 அங்குலம். இந்த ரகம் பெரும்பாலும் 100 கிலோ ஆளுக்காகச் செய்யப்படுவது. சிலவற்றில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். அம்மாவின் எடை என்ன என்று கேட்டேன். "நூத்திப் பத்து இருக்கும் சார்" என்றார் மகன். எப்போது பார்த்தது என்றால், கீழே விழுவதற்கு ரொம்ப முன்னால். வீட்டுத் தராசு 120 கிலோவுக்கு மேல் காட்டாது. அதில் ஏறி நிற்கவும் அவரால் முடியாது.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். சீட்டுக்குக் கீழே பெருக்கல் குறிபோல் குறுக்கே போகும் இரண்டு குழாய்களும் சந்திக்கிற போல்ட் துளை நீள்வட்டமாக இழுத்துவிட்டிருந்தது. வலது முன்சக்கரத்தின் கவை வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சமதரையில் நிறுத்தினால் இடது முன்சக்கரம் தரையைத் தொடவில்லை, ஒரு விரல் நுழைகிற இடைவெளி. ரெக்சினைப் பிடித்திருந்த திருகுகளில் இரண்டு கழன்று விழுந்திருந்தன. நாலு சக்கரமும் தரையில் படாத நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது. நாற்காலியின் சட்டம் முறுக்கிக்கொண்டுவிட்டது என்பதற்கு அதைவிட வெளிப்படையான அடையாளம் கிடையாது.

பட்டறையில் கொடுத்து ஒரு கம்பி வைத்து வெல்டிங் பண்ணிவிடலாமா என்று மகன் கேட்டார். எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி இது. வேண்டாம் என்றேன். இந்தக் குழாய்களின் சுவர் மெல்லியது. வெல்டிங் சூட்டில் ஒட்டுக்குப் பக்கத்து உலோகம் பலம் இழக்கும். அடுத்த விரிசல் ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி வரும். அது மெல்ல வளைந்து எச்சரிக்காது, திடீரென்று விட்டுவிடும். அன்றே அந்த நாற்காலியை ஓரமாக வைத்தோம். புண்ணுக்கு மருத்துவரிடம் வைத்தியம் தொடங்கியது.

இரண்டாவது நாற்காலி

இடுப்பு நெருக்கியது என்றால் அகலமாக வாங்கினால் தீர்ந்தது. மகன் அப்படித்தான் நினைத்தார், யாரானாலும் அப்படித்தான் நினைப்பார்கள். கடையில் இருந்ததிலேயே பெரியது, 26 அங்குல சீட். குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அம்மா பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏப்பா, இது நாற்காலியா, கட்டிலா?"

சட்டத்தில் 'ஹெவி டியூட்டி' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எத்தனை கிலோ என்று எங்கேயும் இல்லை, பில்லிலும் இல்லை. கிலோ எண் போடாத நாற்காலியை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நான் 100 கிலோ நாற்காலி என்றே கணக்கில் வைப்பேன். எண்ணைப் போடுகிற நிறுவனம் அதற்குச் சோதனை செய்திருக்க வேண்டும். சக்கர நாற்காலிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176-இன் எட்டாம் பகுதி, நாற்காலி தாங்குவதாகச் சொல்லும் எடைக்கேற்ற பொம்மையை அதில் உட்கார வைத்து, மேடு வைத்த உருளைகளின் மேல் இரண்டு லட்சம் சுற்று ஓட்டச் சொல்கிறது. பிறகு 5 செ.மீ. உயரத்திலிருந்து 6,666 தடவை கீழே விடச் சொல்கிறது. அதெல்லாம் செய்த கம்பெனி எண்ணை மறைக்காது.

இதன் சீட்டுக்குக் கீழே இருந்ததும் ஒற்றைப் பெருக்கல் குறிதான். பழைய நாற்காலியையே அகலமாக இழுத்துவிட்ட மாதிரி. அகலம் கூடக்கூட குறுக்குக் குழாய் நீளும், நீண்டால் வளைவது சுலபம். அதனால்தான் உண்மையில் அதிக எடைக்காகச் செய்த நாற்காலிகளில் முன்னும் பின்னுமாக இரண்டு பெருக்கல் குறிகள் இருக்கும். கடையில் குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும்.

வெளி அகலம் 34½ அங்குலம் வந்தது. கையால் உருட்டுகிற நாற்காலியில் சீட் அகலத்தோடு தோராயமாக 8 அங்குலம் சேர்த்தால் வெளி அகலம் கிடைக்கும். இரண்டு பக்கமும் பெரிய சக்கரம், அதற்கு வெளியே, பிடித்து உருட்டுகிற கைவளையம். கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகிற கதவு நிலை 3 அடி. ஆனால் 3 அடி என்பது மரத்தோடு சேர்த்த அளவு. உள்ளே 30½ தான். கதவைத் திறந்து வைத்தால் கதவுப் பலகையின் கனம் இன்னும் ஒன்றேகால் அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. ஆக நாற்காலி கூடத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவும் கூடத்தில்தான். வருகிறவர் போகிறவர் முன்னால் சேலையால் மறைப்புக் கட்டித் தூங்கினார்.

வீட்டைவிட உடம்புக்கு அது செய்த கெடுதல் அதிகம். இருபுறமும் இரண்டு அங்குலத்துக்கு மேல் சும்மா கிடந்ததால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் சரிந்து கைப்பிடியில் சாய்ந்துகொள்வார். இடுப்பு ஒரு பக்கம் தாழ்ந்து, முதுகுத்தண்டு வளைந்து, பாரம் முழுவதும் ஒரு புட்டத்தில் இறங்கிவிடும். கைவளையத்தை எட்டத் தோளை வெளியே விரித்துத் தூக்க வேண்டியிருந்தது. தன் கையால் ஓர் அடிகூட உருட்ட முடியவில்லை, தோள்வலிதான் மிச்சம். நெருக்கம் போக அகலம் கூட்டினார்கள். புண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறுவதற்கான ஏற்பாடு அது.

பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

எடை

முதலில் உண்மையான எடை தெரிய வேண்டும். 120 தாண்டி, ஏறி நிற்கவும் முடியாதவர்களை நிறுக்க நம் ஊரில் எளிதான வழி இல்லை. சில டயாலிசிஸ் மையங்களில் நாற்காலியோடு ஏற்றி நிறுக்கிற தராசு உண்டு. மகனிடம் அதைவிடக் கையருகே ஒன்று இருந்தது: மண்டியில் மூட்டை போடுகிற மேடைத் தராசு, 3 அடிக்கு 3 அடி, 500 கிலோ வரை காட்டும். அங்கே வரச் சொன்னதும் அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "என்னைய வெங்காய மூட்டையாட்டம் நிறுக்கப் போறீகளா?"

அவர் சொன்னது நியாயம். சந்தையில் நாலு பேர் பார்க்க நிறுப்பதற்கு யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. தராசு வீட்டுக்கு வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, துடைத்துக் கழுவி. இருபக்கமும் பிளைவுட் சரிவு வைத்து நாற்காலியோடு ஏற்றினோம்: 169 கிலோ. நாற்காலி மட்டும் 31. அப்படியானால் அம்மா 138 கிலோ. வீட்டில் நினைத்திருந்ததைவிட 28 கிலோ அதிகம். உயரத்தோடு சேர்த்துப் பார்த்தால் பி.எம்.ஐ. 55.

தராசு வந்திருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துக்கொண்டோம். முன்சக்கரங்களை மட்டும் தராசில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அதே உயரத்தில் பலகை கொடுத்தால், முன்னால் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று தெரியும். 74 கிலோ. மொத்தத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம் அந்தச் சின்னச் சக்கரங்கள் மேல். தரையில் ஒரு சின்ன ஓடு துண்டு கிடந்தாலும் நாற்காலி சட்டென்று நின்றுவிடுவதும், மருமகளுக்குத் திருப்பக் கஷ்டமாக இருப்பதும் இதனால்தான்.

ஏன் இப்படி முன்னால் விழுகிறது? புட்டத்தின் சதை முதுகைத் தாண்டிப் பின்னால் தள்ளி நிற்கிறது. இவருக்கு 10 செ.மீ. நாற்காலியின் முதுகுத்துணி நேராக இருப்பதால் அந்தச் சதை முதலில் போய் முட்டிக்கொள்ளும். முதுகு அதற்கு முன்னால் காற்றில் நிற்கும். வயிற்றின் பாரமும் முன்னால். ஆக மொத்த உடம்பும் வழக்கமான ஆளைவிடச் சில அங்குலம் முன்னால்தான் உட்கார்கிறது. அப்புறம் முதுகைச் சாய்க்க முயன்றால் இடுப்பு வழுக்கி முன்னே வரும். வீட்டில் இதை 'நழுவி நழுவி உக்காருறாங்க' என்று அவர்மேல் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அளவு எடுத்தது

கெட்டியான பலகைமேல் உட்கார வைத்து அளந்தோம். மெத்தையில் உட்கார்ந்தால் உடம்பு அமுங்கி அளவு தவறாக வரும். இரண்டு பக்கமும் தடித்த அட்டைப் புத்தகங்களைச் செங்குத்தாக, சதையை அழுத்தாமல் தொட வைத்து, நடுவே டேப் பிடித்தால் அகலம் கிடைக்கும். எல்லோருக்கும் இடுப்புதான் அகலமான இடம் என்று நினைக்க வேண்டாம். இவருக்கு நடுத்தொடையில்தான் அதிகம், 54 செ.மீ., அதாவது 21¼ அங்குலம்.

புட்டத்தின் பின்முனையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 22 அங்குலம். சீட்டின் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கக் கூடாது, இரண்டு விரல், மூன்று விரல் விடவேண்டும். ஆகவே சீட் ஆழம் 20. கடைக்காரர் அகலத்தைத் தவிர எதையும் கேட்டிருக்கவில்லை. இரண்டாவது நாற்காலியின் ஆழம் 18 தான். தொடையின் முன்பக்கம் நாலு அங்குலத்துக்குத் தாங்கலே இல்லாமல் போயிருந்தது.

முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 40 செ.மீ., பதினாறு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகல நாற்காலிகளின் சீட் பெரும்பாலும் 19½, 20 அங்குல உயரத்தில் இருக்கும். அதன்மேல் மெத்தை வேறு. நம் ஊர்ப் பெண்களின் உயரத்துக்குக் கால் தொங்கும். கால் தரையில் ஊன்றாமல் எழுந்து நிற்க முடியாது. சீட் உயரத்தைக் குறைக்க வசதி இருக்கிறதா என்பது இங்கே அகலத்துக்குச் சமமான கேள்வி.

மூன்றாவது நாற்காலி

கடைசியில் வரவழைத்தது: சீட் அகலம் 22, ஆழம் 20, உயரத்தையும் இறக்கலாம். இரட்டைப் பெருக்கல் குறிச் சட்டம். 200 கிலோ என்று சட்டத்திலேயே பொறித்திருந்தது. பின்சக்கர அச்சை முன்னும் பின்னும் மாற்றத் துளைகள், பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிக் கால்கள், பக்கவாட்டில் திறந்து கழற்றக்கூடிய கால்மிதி, கழற்றக்கூடிய கைப்பிடி. எடை 27 கிலோ. விலை முதல் நாற்காலியைவிடப் பல மடங்கு. முதல் இரண்டுக்கும் கொடுத்ததை இதில் போட்டிருக்கலாம் என்று மகன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

138 கிலோவுக்கு 150 போதாதா என்று கேட்டார்கள். தாங்குகிற எடை என்பது ஆள் மட்டுமல்ல. மெத்தை, பின்னால் மாட்டுகிற பை, மடியில் ஏறுகிற பேரன் எல்லாம் அதில் அடக்கம். கால் வீக்கம் கூடினால் எடையும் கூடும். எடையில் கால்வாசி கூடுதலாக வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் 172. அதற்கு அடுத்துக் கிடைத்த அளவு 200.

அகலத்தில் ஒரு விவாதம் இருந்தது. இருபக்கமும் ஓர் அங்குலம் விடவேண்டும் என்பது பாடம். அந்தக் கணக்கில் 24 வாங்க வேண்டும். வெளி அகலம் 32 ஆகிவிடும். நான் 22-ஐத் தேர்ந்தெடுத்தேன். இதன் பக்கத்தகடுகள் சீட்டை விட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி மாட்டப்பட்டவை. உட்கார்ந்த பிறகு இருபக்கமும் உள்ளங்கை தட்டையாக நுழைகிறது. புண் வந்த பக்கம் என்பதால் மருமகள் தினமும் கை விட்டுப் பார்க்கிறார். கை நுழையாத நாள் வந்தால் அது எடை கூடியதன் முதல் தகவல்.

முதுகுத்துணிக்குப் பதில் வெல்க்ரோ பட்டைகள் கொண்ட முதுகு. கீழ்ப்பட்டைகளைத் தளர்த்தியதும் புட்டத்தின் சதை பின்னால் உள்வாங்கி இடம் எடுத்துக்கொண்டது, முதுகு மேல்பட்டையில் போய் ஒட்டியது. பின் அச்சை ஒரு துளை முன்னால் நகர்த்தினோம். மறுபடி தராசு வந்தது: மொத்தம் 165, முன்னால் 55. மூன்றில் ஒரு பங்கு. கூடத்தில் அவரே உருட்டிக்கொண்டு அடுப்படி வரை போய், "புளி கரைச்சது பத்தாது" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அச்சை முன்னால் நகர்த்தினால் பின்னால் கவிழ்கிற அபாயம் கூடும் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குட்டிக் கால்களைக் கழற்றவே கூடாது. வாசற்படியில் இடிக்கிறது என்று பல வீடுகளில் அதைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

மெத்தை அதிக எடைக்கான தட்டை ஃபோம், 2 அங்குலம். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், ஒரே நாளில் நடுவில் குழிந்து ஓரம் உருளும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். அது ஓட்டையைச் சுற்றி இரத்த ஓட்டத்தை நெருக்கும். படுக்கைப்புண் வராமல் இருக்கவென்று வாங்கி, அதனாலேயே வரவழைத்துக்கொண்டவர்கள் உண்டு.

வீடு

மத்திய அரசின் 2021 அணுகல்தன்மை வழிகாட்டுதல் கதவுத் திறப்பு 90 செ.மீ. வேண்டும் என்கிறது. அவனியாபுரத்தில் ஒரு தலைமுறைக்கு முன் கட்டிய வீட்டில் அதை எதிர்பார்க்க முடியாது. நாற்காலி 30 அங்குலம், நிலையின் உள்ளளவு 30½. கதவைக் கழற்றித் திரை போட்டால் நுழையும், ஆனால் ஒவ்வொரு தடவையும் விரல் மொளி தேயும். அந்த ஒரு நிலையை மட்டும் எடுத்துவிட்டு மூன்றரை அடி நிலை வைத்தார்கள். மேலே சுவரைத் தாங்குகிற லிண்டல் இருபுறமும் சுவரில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று கொத்தனார் பார்த்த பிறகுதான் சுவரை உடைத்தார்கள். தலைவாசல் நிலையில் கைவைக்க அம்மா விடவில்லை. பூசை போட்டு வைத்த நிலை. சரி, அந்தப் பக்கம் தெருவும் குறுகல். படிக்கு முன்னால் சாய்தளம் கட்ட இடமில்லை.

வீட்டின் பக்கவாட்டுச் சந்து உதவியது. சைக்கிளும் பழைய தண்ணீர்த்தொட்டியும் கிடந்த நாலடிச் சந்து. பின்கட்டில் ஏற்கெனவே அகலமான இரும்புக் கதவு. தரையிலிருந்து பின்கட்டுத் தளம் 18 அங்குல உயரம். அதுவரை ஆறடிப் பலகையைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். 165 கிலோ, நான்கில் ஒன்று சரிவு. தள்ளுபவர் கையில் கிட்டத்தட்ட 41 கிலோ பாரம். மருமகள் 48 கிலோ. தன் எடைக்குச் சற்றே குறைந்ததை அவர் சரிவில் பிடித்து நிறுத்த வேண்டும். ஒருமுறை கை நழுவினால் இரண்டு பேருக்கும் எலும்பு முறியும்.

சந்தில் 20 அடி நீளத்துக்குச் சிமெண்ட் சாய்தளம் கட்டினார்கள். 18 அங்குலம் ஏற 20 அடி என்றால் 13-க்கு 1. வழிகாட்டுதல் சொல்கிற 12-க்கு 1 என்பதைவிடக் கொஞ்சம் படுத்த சரிவு. கையில் வருகிற பாரம் 12 கிலோ சொச்சம், அதோடு சக்கர உராய்வு. மேலே கதவுக்கு முன் நாலடி சமதளம். அது இல்லாவிட்டால் சரிவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறக்க வேண்டிவரும். மேற்பரப்பை வழுவழுப்பாக்காமல் விளக்குமாறு இழுத்து வரிவரியாக விட்டார்கள். ஓரத்தில் ஒரு செங்கல் உயரத்துக்குத் தடுப்பு.

குளியலறைக் கதவு இரண்டரை அடி நிலை. அதை இடிக்கிற செலவுக்கு வழியில்லை. பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தைச் சுற்றி மறைப்புக் கட்டி, தளத்தைச் சொரசொரப்பாக்கி, எடை எண் போட்ட அகலக் கமோட் நாற்காலியில் குளிக்க வைக்கிறார்கள். இரவில் அதே நாற்காலி படுக்கையறைக்குப் போகிறது.

அன்றாடம்

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போதுதான் விபத்துகள் அதிகம். நாற்காலியைக் கட்டிலுக்குச் சற்றே கோணலாக, ஒட்டி நிறுத்த வேண்டும். இரண்டு பிரேக்கும் போட வேண்டும். கால்மிதிகளைக் கழற்றி எடுத்துவிட வேண்டும், மடக்கி வைத்தால் போதாது. கால்மிதியில் ஏறி நின்று உட்காரப் பார்த்தால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும்; இந்த எடையில் யாராலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து மெத்தை உயரமும் சீட் உயரமும் ஒன்றாக இருக்கும்படி செய்தோம். மருமகள் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை விட்டுவிட்டு, இடுப்பில் கட்டும் நீளப் பட்டையைப் பிடித்துக்கொள்கிறார். தூக்குவது அவர் வேலை அல்ல என்பது அவருக்குப் பழக ரொம்ப நாள் ஆயிற்று. எழுவது அம்மா, இவர் திசை காட்டி நிலைநிறுத்துகிறார். அம்மாவுக்கு முடியாத நாளில் மகன் வரும்வரை படுக்கையிலேயே இருப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தனியாள் முயற்சி செய்வதில்லை.

சாய்தளத்தில் இறங்கும்போது நாற்காலியின் பின்பக்கம் கீழே பார்த்திருக்க வேண்டும். தள்ளுகிறவர் கீழே நின்று பின்னோக்கி மெல்ல இறங்க, இன்னொருவர் முன்னாலிருந்து சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் வெளியே போவதில்லை.

அரைமணிக்கு ஒருமுறை முன்னால் இருக்கும் மேசையில் முழங்கையை ஊன்றி நன்றாகக் குனிய வேண்டும், ஒன்றிரண்டு நிமிடம். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்குவது புத்தகத்தில் நன்றாக இருக்கும். 138 கிலோவை எந்தத் தோளும் தூக்காது. குளித்ததும் தொடை மடிப்பிலும் வயிற்று மடிப்பிலும் ஈரம் ஒற்றி எடுத்துப் பருத்தித்துணி வைக்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் ரெக்சின் சீட் கொதிக்கும். அதன்மேல் பருத்தி உறை இல்லாமல் உட்காரக் கூடாது. கண்ணுக்கு எட்டாத இடங்களை மருமகள் போனில் படம் எடுத்து அம்மாவிடமே காட்டுகிறார். மரத்த தோலுக்கு வேறு காவல் கிடையாது.

வீங்கிய காலை நீட்டி வைக்க உயர்த்தும் கால்மிதி கேட்டார்கள். வலது பக்கம் மட்டும் போட்டோம். அதை உயர்த்தினால் நாற்காலி நீளும், திரும்ப இடம் அதிகம் வேண்டும், பாரமும் மறுபடி முன்னால் போகும். ஆகவே ஓரிடத்தில் நிற்கும்போது உயர்த்துவது, நகரும்போது இறக்கிவிடுவது.

ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஐந்து படி. உறவுக்காரப் பையன்கள் நாலு பேர் "அத்தையை அப்படியே தூக்கிரலாம்" என்று கைப்பிடியையும் கால்மிதியையும் பிடித்துத் தூக்கினார்கள். இரண்டாவது படியில் வலது கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னால் நின்ற மகன் முதுகைக் கொடுத்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. கழற்றுவதற்காகவே செய்த பாகத்தைப் பிடித்துத் தூக்கினால் கழலத்தான் செய்யும். இந்த எடையில் படியில் தூக்குவது என்பதே கிடையாது. சாய்தளமோ லிஃப்டோ இல்லாத இடத்துக்குப் போவதில்லை, அல்லது சாப்பாட்டுக்கூடம் கீழ்த்தளத்தில் இருந்தால் அங்கேயே இருந்து வாழ்த்திவிட்டு வருவது. அம்மாவுக்கு இதில் கோபம்தான், மண்டபம் கட்டுகிறவர்கள்மேல்.

மாதாந்திரப் பரிசோதனைக்கு வேனில் போகும்போது நாற்காலியோடு ஏற்றிவிட்டால் வேலை சுலபம் என்று டிரைவர்கள் சொல்வார்கள். தரையில் கட்டிப்போட நாலு பட்டையும், ஆளுக்குத் தனிப் பெல்ட்டும் இல்லாமல் அது கூடாது. ஓடும் வண்டியில் இருக்கையாக இருக்கத் தகுமா என்பதற்குத் தனிச் சோதனை இருக்கிறது, அதே தரத்தின் 19-ஆம் பகுதி. மடக்கு நாற்காலிகளில் பெரும்பாலானவை அதற்குப் போவதில்லை. இவர் வேனின் முன் இருக்கைக்கு மாறிக்கொள்கிறார். கைப்பிடி, கால்மிதி கழற்றிய நாற்காலியை இரண்டு பேர் பின்னால் ஏற்றுகிறார்கள். தை முதல் நாள் ஜல்லிக்கட்டுக்குத் தடுப்பு கட்டினால் வண்டி தெருவுக்குள் வராது. அந்த வாரத்தில் மருத்துவமனைத் தேதி வாங்குவதில்லை.

பராமரிப்புக்குப் பக்கத்துச் சைக்கிள் கடையே போதும். காற்றுக் குறைந்தால் பிரேக் டயரை முழுதாக அழுத்தாது, பூட்டியிருக்கிறது என்று நம்பி எழும்போது நாற்காலி நகரும். ஆகவே வாரம் ஒருமுறை காற்று. முன்சக்கர அச்சில் சுற்றுகிற முடியையும் நூலையும் எடுப்பது, பெருக்கல் குறி போல்ட்டை முறுக்கிப் பார்ப்பது, வெல்டிங் இடங்களில் பெயிண்ட் கோடு விட்டிருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்ப்பது. ஆணி கழன்றால் மாட்டலாம். சட்டம் விரிந்தால் கம்பெனிப் பாகம்தான், பட்டறை அல்ல.

மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. உடல் எடை அதில் இல்லை, இயக்கக் குறைபாடு இருக்கிறது. சான்றிதழ் கேட்கும்போது முழங்காலும் கணுக்காலும்தான் பேச வேண்டும். அரசு முகாம்களில் நாற்காலி கொடுத்தால் வாங்கலாம், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் வழக்கமான அளவு. எடை எண்ணைக் கேட்காமல் அதில் உட்காரக் கூடாது.

தொடைப் புண் மூடிவிட்டது. இப்போது மகன் மின்சார நாற்காலி வாங்கலாமா என்று கேட்கிறார். அம்மாவுக்கும் ஆசை. இந்த எடையைத் தாங்குகிற மின்சார நாற்காலி பெரும்பாலும் பேட்டரியோடு மடங்காது, வேனில் ஏற்றுவதும் கஷ்டம். சாய்தளத்தில் அது நின்றுபோனால் மருமகளால் தள்ளவும் முடியாது. மூன்று மாதம் கழித்துத் தராசைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எடையையும் தோள்வலியையும் பார்த்துவிட்டு, வாடகைக்கு ஒன்று கிடைத்தால் சந்தில் ஓட்டிப் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம் என்றும்.